உப்பு வரியும் கலெக்டர் தமுக்கும்

1930-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். தஞ்சை ஜில்லா ஊர்களில் தமுக்கு ஒலித்தது.

உப்புச் சட்டத்தை மீற ஒரு கூட்டம் வருகிறது. அவர்களுக்குச் சோறு போட்டாலும், தங்க இடம் கொடுத்தாலும் தண்டனை உண்டு. இது கலெக்டர் தார்ன் துரையின் உத்தரவு. தமுக்கு போதாது என்று பத்திரிகைகளிலும் வெளியிட்டார். துண்டுப் பிரசுரமும் போட்டார்.

வருகிறவர்கள் யார்? ராஜாஜியும் சுமார் 100 தொண்டர்களும். ஏப்ரல் 13-ந் தேதி திருச்சியில் புறப்பட்டு, வேதாரண்யத்துக்கு நடந்து வந்துகொண்டு இருந்தார்கள்.

ஏன் நடக்கிறார்கள்? அதைத்தான் தமுக்கு சொல்லவில்லை!

சுமார் 37 கிலோ உப்புக்கு வரி 1 ரூபாய் 4 அணா. பண்ணையாருக்கும் அதே வரி. அவர் வயலில் நாற்று நடும் பெண்ணுக்கும் அதே வரி. கடலோரத்தில் தானாக விளைந்த உப்பை ஒரு பிடி அள்ளினாலும் குற்றம். பழைய சோற்றுக்கு உப்புதானே ருசி! வரி கொடுப்பவரின் கஷ்டம் அந்தச் செய்தியில் இல்லை. வரி வாங்குகிறவரின் கோபம் மட்டும் இருந்தது.

திருவையாற்றுக்காரர்

இந்தக் குறை பழையது. 1878-ல் முத்துசாமி அய்யர் சென்னை ஐகோர்ட்டு நீதிபதி ஆனபோது, வெள்ளையர் பத்திரிகைகள் எதிர்த்து எழுதின. நம்மவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று 6 இளைஞர்கள் "இந்து" பத்திரிகையைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் திருவையாற்றில் பிறந்த ஜி.சுப்பிரமணிய அய்யர். 1882-ல் அவர் தமிழில் "சுதேசமித்திரன்" தொடங்கினார். நிலவரியைப் பற்றி இங்கிலீஷில் பத்தி பத்தியாக எழுதலாம். வரி கட்டும் காவிரிக்கரை விவசாயி அதைப் படிக்க வேண்டாமா?

1930-ல் பத்திரிகைகளுக்கு வேறு ஒரு பூட்டு வந்தது. தொண்டர்கள் வேதாரண்யம் போய்ச் சேருவதற்கு முதல் நாள், ஏப்ரல் 27-ந் தேதி, அவசரச் சட்டம் பிறந்தது. சர்க்காருக்குப் பிடிக்காததை எழுதினால், ஜாமீன் பணம் கட்டச் சொல்லலாம்.

மரத்தில் சோறு

ஆனால், கலெக்டரின் தமுக்கே தொண்டர்களுக்கு விளம்பரம் ஆகிவிட்டது! அவர்கள் வருகிற சேதி ஊர் ஊராகப் பரவியது. சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கட்டியது யார் என்று போலீசார் யாரைக் கேட்பது? கும்பகோணத்தில் பந்துலு அய்யர் வெளிப்படையாகவே இடம் கொடுத்தார். 6 மாதம் சிறை.

ஏப்ரல் 30-ந் தேதி ராஜாஜி உப்பு அள்ளினார். கைது செய்யப்பட்டார்.

பிறகு தார்ன் துரை மேலிடத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். சர்க்காரிடம் மக்களுக்குப் பக்தி என்று ஒன்று இருந்திருந்தால், அது இப்போது செத்துவிட்டது என்ற கருத்தில் எழுதியிருந்தார்.

இந்தச் செய்திக்குத் தமுக்கு அடிக்கவில்லை.