'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' ஊருக்கு ஜோடியாகப் போறீங்களா? கதவு ஓர் இடத்தில், வீடு வேறோர் இடத்தில்!

உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு அந்தப் படம்னா உயிர். இன்னொருத்தர் பாதிப் படத்திலேயே தூங்கிப்போனவர். இருந்தாலும் ஆண்டு விடுப்பு எடுத்தாச்சு, மியூனிக்குக்கு விமானச் சீட்டும் வாங்கியாச்சு. அங்கிருந்து ரயிலில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்.

போய் இறங்கியதும் என்ன நடக்கும்?

பெரும்பாலும் முதல் நாளே ஒரு சின்னச் சண்டை நடக்கும். "அந்த வீடு எங்க?" என்று ஒருவர் கேட்பார். கைத்தொலைபேசியில் தேடினால் மூன்று முகவரிகள் வரும். மூன்றும் சரி, மூன்றும் தப்பு. எங்களுக்கு அதுதான் நடந்தது. என் கணவருக்குப் பாட்டுப் படமே ஆகாது. கொட்டும் மழையில் மூன்றாவது வாசலில் நின்றபோது அவர் முகத்தைப் பார்க்கணுமே!

அந்தக் குழப்பத்தை முன்கூட்டியே தீர்த்துவிட்டால் பயணம் நன்றாக இருக்கும்.

படம் எப்படி எடுக்கப்பட்டது?

1965ஆம் ஆண்டு வெளிவந்த படம். இயக்குநர் ராபர்ட் வைஸ். ஜூலி ஆண்ட்ரூஸ், கிறிஸ்டோபர் பிளம்மர் நடிப்பு. சிறந்த படத்துக்கான விருது உட்பட 5 ஆஸ்கர் விருதுகள். தமிழில் 1969இல் வந்த 'சாந்தி நிலையம்' பார்த்த தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், கதையின் சாயல் அவர்களுக்கு உடனே பிடிபடும்.

வெளிப்புறக் காட்சிகளை 1964இல் ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூலைத் தொடக்கம்வரை சால்ஸ்பர்க்கிலும் சுற்றுவட்டாரத்திலும் எடுத்தார்கள். மழை பெய்துகொண்டே இருந்ததால் வேலை இழுத்துக்கொண்டே போனது. வீட்டுக்குள் நடக்கும் காட்சிகள் லாஸ் ஏஞ்சலிஸில் போட்ட அரங்கங்களில் எடுக்கப்பட்டவை.

ஆக, படத்தில் ஒரு கதவு திறந்தால் வெளியே ஆஸ்திரியா, உள்ளே அமெரிக்கா. இது மனத்தில் இருந்தால் பாதி ஏமாற்றம் குறைந்துவிடும்.

சரி, அந்த வீடு எங்கே?

மஞ்சள் நிற முகப்பும் வெளிக்கதவும் ஃப்ரோன்பர்க் என்ற மாளிகையில் எடுக்கப்பட்டவை. இப்போது அது மொஸார்ட்டேயும் இசைப் பல்கலைக்கழக மாணவர்களின் விடுதி. அங்கே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பாருங்கள், படம் எடுங்கள், நகருங்கள்.

ஏரி, பிள்ளைகள் படகோடு கவிழ்வது எல்லாம் லியோபோல்ட்ஸ்க்ரோன் அரண்மனைப் பக்கம். அதிலும் மேல்மாடம் அரண்மனைக்கு உரியதல்ல. அதை ஒட்டிய இன்னொரு நிலத்தில் எடுத்தது! விருந்து நடக்கும் பொன்னிற மண்டபத்தை அரண்மனையின் வெனிஸ் பாணி அறையைப் பார்த்து அமெரிக்காவில் கட்டினார்கள்.

அந்த அரண்மனைக்குச் சொந்தக் கதையும் உண்டு. அதில் குடியிருந்தவர் மேக்ஸ் ரைன்ஹார்ட், 1920இல் சால்ஸ்பர்க் கலைவிழாவைத் தொடங்கியவர்களில் ஒருவர். யூதர் என்பதால் 1938இல் நாஜிகள் அரண்மனையைப் பறித்தார்கள். அவர் 1943இல் நியூயார்க்கில் இறந்தார், வீடு திரும்பவே இல்லை. இன்று அங்கே ஹோட்டல் இருக்கிறது. காசு இருந்தால் ஓர் இரவு தங்கலாம்.

மூன்றாவது முகவரிதான் நிஜம். உண்மையான டிராப் குடும்பம் வாழ்ந்த வீடு ஐகன் என்ற புறநகர்ப் பகுதியில் இருக்கிறது. படத்தில் அது வரவே இல்லை. குடும்பம் வெளியேறிய பிறகு, போர்க்காலத்தில் அந்த வீட்டைப் பயன்படுத்தியவர் ஹிட்லரின் வலக்கையாக இருந்த ஹிம்லர். படம் பிடிக்காத உங்கள் துணைக்கு ஒருவேளை இந்த வீடுதான் பிடிக்கும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது.

கண்ணாடி மண்டபத்தில் ஜோடிப் படம் எடுக்கலாமா?

வெளியே நின்று எடுக்கலாம். உள்ளே முடியாது, பூட்டியிருக்கும்.

படத்தில் மூத்த மகள் பெஞ்சுக்குப் பெஞ்சு தாவி ஆடுவாரே, அந்த மண்டபம் இப்போது ஹெல்ப்ருன் அரண்மனைப் பூங்காவில் இருக்கிறது. முதலில் லியோபோல்ட்ஸ்க்ரோனில் இருந்தது; ரசிகர் கூட்டம் தாங்காமல் இடம் மாற்றினார்கள். வயதான ரசிகை ஒருவர் அதே மாதிரி தாவப் பார்த்து விழுந்து அடிபட்டதால்தான் பூட்டுப் போட்டார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வது வழக்கம்.

இன்னொன்று. அந்த நடனம் இந்த மண்டபத்துக்குள் எடுக்கப்படவே இல்லை. இது சின்னது, கேமராவும் ஆட்டமும் கொள்ளாது. லாஸ் ஏஞ்சலிஸில் இதைவிடப் பெரிதாக ஒன்று கட்டி ஆடினார்கள். பூட்டிய கதவைப் பார்த்துக் கண்கலங்கும் அளவுக்கு எதையும் நீங்கள் இழக்கவில்லை!

ஒரே பாட்டு, எத்தனை ஊர்?

'டோ-ரே-மீ' பாட்டு புல்வெளியில் தொடங்கும். அது வெர்ஃபென் என்ற ஊருக்கு மேலே, நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தெற்கே. பின்னால் தெரிவது ஹோஹென்வெர்ஃபென் கோட்டை. பிறகு நகரத்துப் பாலம், மலைமேல் இருக்கும் மாடம், சதுக்கம் என்று தாவித் தாவி, மிராபெல் பூங்காவின் படிக்கட்டில் முடியும். சில நிமிடப் பாட்டு. அதே வரிசையில் நீங்கள் நடந்து பார்க்க ஒரு நாள் போதாது.

மிராபெல் மட்டும் படத்தில் இருப்பது போலவே இருக்கிறது. பறக்கும் குதிரைச் சிலை நிற்கும் நீரூற்று, கொடிகள் மூடிய பந்தல், குள்ளர் சிலைகள், படியின் உச்சியில் நின்றால் எதிரே கோட்டை. கட்டணம் கிடையாது. ஆனால் காலை ஒன்பது மணிக்கு மேல் போனால் படிக்கட்டில் வரிசை பிடித்துத்தான் குதிக்கணும். ஏழு மணிக்கே போய்விடுங்கள்.

முதல் காட்சி மலை? அது ஜெர்மனி!

இதுதான் பலருக்கு அதிர்ச்சி. மரியா கைவிரித்துச் சுழலும் அந்தப் புல்வெளி பவேரியாவில், மார்க்ட்ஷெல்லன்பெர்க் ஊருக்கு அருகே இருக்கிறது. எல்லையின் அந்தப் பக்கம். கதைப்படி மணி அடித்ததும் அவர் மடத்துக்கு ஓடுவார். நிஜத்தில் ஓடினால் மாலைப் பிரார்த்தனையும் முடிந்திருக்கும். ஓடையும் பிர்ச் மரங்களும்கூடப் படக்குழு ஏற்பாடு செய்தவை. ஹெலிகாப்டர் ஒவ்வொரு முறை கடந்தபோதும் அதன் காற்று ஜூலி ஆண்ட்ரூஸைக் கீழே தள்ளிவிட்டதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அந்த நிலம் தனியார் நிலம். வேலி தாண்டாதீர்கள். அந்தப் பக்கம் போவதென்றால் கடவுச்சீட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் காட்சியில் குடும்பம் மலை ஏறி சுவிட்சர்லாந்துக்குத் தப்பிப்பதாகக் காட்டுவார்கள். சால்ஸ்பர்க்கிலிருந்து மலையைத் தாண்டினால் சுவிட்சர்லாந்து வராது, ஜெர்மனிதான் வரும். அதிலும் ஹிட்லரின் மலை வீடு இருந்த பக்கம்! உண்மைக் குடும்பம் 1938இல் ரயில் ஏறி இத்தாலிக்குப் போனது, பிறகு அமெரிக்காவுக்கு. தந்தை கியோர்க் பிறந்த ஊர் முதலாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலியின் கைக்குப் போயிருந்ததால் குடும்பத்துக்கு இத்தாலியக் குடியுரிமை இருந்தது. அந்தக் காகிதம்தான் அவர்களைக் காப்பாற்றியது என்று சொல்லலாம். பாட்டோ மலையோ இல்லை.

கல்யாணமும் அப்படித்தான். படத்தில் திருமணம் நடப்பது மோன்ட்ஸீ என்ற ஊர்த் தேவாலயத்தில், சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி. உண்மையான மரியாவுக்கும் கியோர்க்குக்கும் திருமணம் நடந்தது 1927இல், நகரத்துக்குள்ளேயே இருக்கும் நோன்பெர்க் மடத்தில். அதாவது, நாஜிகள் வருவதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பே.

சதுக்கத்தில் கொஞ்சம் நில்லுங்கள்

ரெஸிடென்ஸ் சதுக்கத்தில் மரியா நீரூற்றில் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போவார். அதே பாட்டில் நிஜ மரியாவும் ஒரு கணம் பின்னணியில் நடந்து போகிறார். திரும்பப் பார்க்கும்போது வளைவுக்குப் பக்கத்தில் தேடுங்கள்.

இன்னொரு காட்சிக்காக அதே சதுக்கத்தில் நாஜிக் கொடிகளைத் தொங்கவிட வேண்டியிருந்தது. நகர நிர்வாகம் தயங்கியது. 'சரி, அப்படியானால் 1938இல் மக்கள் ஆரவாரம் செய்த பழைய செய்திப்படத்தையே போட்டுக்கொள்கிறோம்' என்று படக்குழு சொன்னதாம். அனுமதி கிடைத்துவிட்டது.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. 1938 ஏப்ரல் 30ஆம் தேதி இதே சதுக்கத்தில்தான் புத்தகங்களைக் குவித்து எரித்தார்கள். 2018இல் அதற்கு ஒரு நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். நீரூற்றில் படம் எடுப்பவர்களில் பலர் அதைக் கவனிப்பதில்லை. படத்தில் கொடியைக் கிழித்ததும் கைதட்டுகிறோம். நிஜத்தில் அன்று கைதட்டியவர்கள் யாருக்காகக் கைதட்டினார்கள் என்று யோசித்தால் நீரூற்று வேறு மாதிரித் தெரிகிறது.

உள்ளூர்க்காரர்களிடம் பாட்டுப் பாடலாமா?

பாடிப் பாருங்கள், விழிப்பார்கள். ஆஸ்திரியாவில் இந்தப் படம் எடுபடவே இல்லை. டிராப் குடும்பத்தைப் பற்றி 1956இலேயே ஜெர்மன் மொழியில் ஒரு படம் வந்திருந்தது. அங்குள்ள மூத்தவர்களுக்கு அதுதான் தெரியும். இந்த இசை நாடகம் சால்ஸ்பர்க்கின் மாநில நாடக அரங்கில் முதன்முறையாக மேடையேறியதே 2011இல்தான். 'எடெல்வைஸ்' ஆஸ்திரிய நாட்டுப்புறப் பாடல் என்று நினைத்திருந்தீர்களா? ராஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் 1959 மேடை நாடகத்துக்காக அமெரிக்காவில் எழுதியது அது.

எப்படித் திட்டமிடுவது?

பேருந்துச் சுற்றுலாவில் சுமார் நான்கு மணி நேரத்தில் மோன்ட்ஸீவரை போய் வந்துவிடலாம். எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். உங்கள் துணை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். என் யோசனை: ரசிகர் தனியாகப் பேருந்தில் போகட்டும். மற்றவர் அந்த நேரத்தில் கோட்டைக்கோ காப்பிக் கடைக்கோ போகட்டும். ஹெல்ப்ருனுக்கு நகரப் பேருந்திலேயே சேர்ந்து போகலாம். குடை கட்டாயம்.

ஒரு நாள் மட்டும் விடியுமுன் எழுந்து நோன்பெர்க் மடத்துக்குப் படியேறுங்கள். 714ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய மடம் அது, இன்றும் கன்னியாஸ்திரிகள் வாழும் இடம். படக்குழுவையே உள்ளே விடவில்லை, வாசலோடு நிறுத்திவிட்டார்கள். ஆனால் தேவாலயம் திறந்திருக்கும். அதிகாலையில் அவர்கள் மறைந்திருந்து பாடுவது கேட்கும். கேமராவைப் பையில் போட்டுவிடுங்கள். என் கணவர் அங்கேதான் முதன்முதலாக, "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே" என்றார்.