காலேஜுக்கு நன்கொடையா? கட்டடத்துக்கா, வாத்தியாருக்கான்னு முதல்ல கேளுங்க!

வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆனதும் காலேஜ் அலுமினி குரூப்பில் நன்கொடை கேட்டு மெசேஜ் வரும். தாராளமா கொடுங்க. ஆனா எதுக்குன்னு கேட்டுட்டுக் கொடுங்க. கட்டடத்துக்குக் கொடுத்தா கல்வெட்டில் பெயர் வரும். நல்ல ஆசிரியரைத் தக்கவைக்கக் கொடுத்தா, அடுத்த பேட்ச் பசங்களுக்குப் பாடம் நடக்கும்.

சம்பளத்துல என்ன சிக்கல்?

ஐஐடியில் அசிஸ்டன்ட் புரொபசர் கிரேடு 1-க்கு, 7-வது ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் ₹1,01,500. படிகள் தனி. குறைவான சம்பளம் இல்லைதான். ஆனா அதே ஆளை ஒரு டெக் கம்பெனி பல மடங்கு சம்பளத்துக்குக் கூப்பிட்டா, ஐஐடி நினைச்சாலும் இந்த ஸ்கேலைத் தாண்ட முடியாது. அதை ஈடுகட்டத்தான் நன்கொடையில் 'சேர் புரொபசர்ஷிப்', அதாவது இருக்கை அமைக்கிறாங்க. சம்பளத்துக்கு மேல ஒரு கூடுதல் தொகை, ஆராய்ச்சிச் செலவு எல்லாம் அதிலிருந்து போகும்.

ரிட்டயர்மென்ட் கணக்கேதான்

ஹார்வர்டு தமிழ் இருக்கை ஞாபகம் இருக்கா? 60 லட்சம் டாலர் இலக்கு. தமிழ்நாடு அரசு மட்டும் ₹10 கோடி கொடுத்தது. அந்த முதலை எடுத்துச் செலவழிக்க மாட்டாங்க. முதலீடு செய்து, வருமானத்தில் ஒரு பகுதியைத்தான் வருஷாவருஷம் எடுப்பாங்க.

நம்ம அளவில் பார்ப்போம். ஒரு பேட்ச்சில் 200 பேர், மாசம் ₹1,000, 5 வருஷம். மொத்தம் ₹1.2 கோடி. 7% வருமானம்னு வெச்சா வருஷம் ₹8.4 லட்சம். 4% மட்டும் எடுத்தா ₹4.8 லட்சம், மாசம் ₹40,000. மீதி 3% பணவீக்கத்தைச் சமாளிக்க முதலோடு சேரும். ஒரு ஆசிரியருக்கு மாசம் ₹40,000 கூடுதல்னா, அவர் போகலாமா இருக்கலாமான்னு யோசிக்கும்போது அது நிச்சயம் கணக்கில் வரும்.

வரிச் சலுகை உண்டா?

80ஜி கழிவு பழைய வரி முறையில் மட்டும்தான். புதிய முறையில் இருக்கீங்கன்னா கிடையாது. ₹2,000-க்கு மேல ரொக்கமா கொடுத்தாலும் கிடையாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நேரடியா அனுப்பினாலும் கிடையாது.

பணம் அனுப்பும் முன் மூணு கேள்வி

1. இது தனி நிதியா, பொதுக் கணக்கில் கலந்துடுமா?
2. வருஷம் எத்தனை சதவீதம் எடுப்பாங்க?
3. ஆண்டுக் கணக்கை நன்கொடையாளருக்கு அனுப்புவாங்களா?

மூணுக்கும் எழுத்தில் பதில் வந்தா எஸ்ஐபி மாதிரி ஆட்டோ டெபிட் போட்டுடுங்க. ஆனா எமர்ஜென்சி ஃபண்டும் டேர்ம் இன்சூரன்ஸும் முதல்ல. நன்கொடை அதுக்கு அப்புறம்தான்.