ஒரு கலயம்... கொஞ்சம் சுண்ணாம்பு! பதனி கள்ளாகாமல் காப்பது எப்படி?

உசிலம்பட்டி,

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சிக் குடிக்கிறார்கள். 1978-ல் வந்த சட்டம் அதற்கு வழிவிட்டது. காய்ச்சிய பீரை 19 லிட்டர் எஃகுப் பீப்பாயில் அடைத்து, கரியமில வாயுவை ஏற்றி, குழாயைத் திறந்து டம்ளரில் பிடித்துக் கொள்கிறார்கள்.

நம்ம ஊரில் அந்த ஆசை வந்தால்? போலீஸ் ஜீப் வாசலில் வந்து நிற்கும்! லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் குற்றம்.

ஆனால் உசிலம்பட்டி வட்டாரத்தில் கண்மாய்க்கரைப் பனைமரத்திலே யாரும் காய்ச்சாமலே போதைச் சரக்கு தயாராகிவிடும். அதைத் தயாராக விடாமல் தடுப்பதுதான் பதனி இறக்கும் பனையேறியின் வேலை!

மரத்திலேயே புளிக்கும்

பீர் காய்ச்சுகிறவர் பார்லியை ஊறப்போட்டு, முளைகட்டி, வேகவைத்து, ஈஸ்ட் சேர்க்க வேண்டும். பனையில் அந்தப் பாடெல்லாம் கிடையாது. பாளையைச் சீவினால் சொட்டும் சாற்றில் 100-க்குச் சுமார் 10 பங்கு சர்க்கரை. ஈஸ்ட் காற்றில் வரும். ஈ, வண்டோடு வரும். பழைய மண்கலயத்தின் நுண்துளையிலும் ஒளிந்திருக்கும்.

சில மணி நேரம் போதும். நுரை கிளம்பும். சர்க்கரை குறையும், போதை ஏறும். அதுதான் கள். நன்றாகப் புளித்தால் பீர் அளவுக்குப் போதை இருக்கும்.

சுண்ணாம்பின் வேலை

இதற்குக் கடிவாளம், வெற்றிலைக்குப் போடுகிற அதே சுண்ணாம்புதான்! கலயத்தின் உட்புறம் பூசிவிட்டால் சாற்றில் காரத்தன்மை ஏறும். அதில் ஈஸ்ட் தலையெடுக்க முடியாது. சாறு இனிப்பாகவே நிற்கும்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர் முதலில் படிக்க வேண்டிய பாடமும் இதுவே. ஒவ்வொரு தடவையும் கலயத்தைக் கழுவி, வெயிலில் காயவைத்து, புதுச் சுண்ணாம்பு பூச வேண்டும். 'நேத்துப் பூசினது இருக்கே' என்று விட்டால் போச்சு. சுண்ணாம்பு குறைந்தால் புளிக்கும். கூடினால் வாய் பொத்துப்போகும். அளவு கைப்பழக்கத்தில்தான் வரும். காலையிலேயே இறக்கி, துணியில் வடிகட்டி, வெயில் ஏறுமுன் விற்றுவிட வேண்டும். மிஞ்சினால் அடுப்பில் ஏற்றிக் கருப்பட்டி!

நடுவே ஒரு கோடு

1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. எல்லை தாண்டிக் கேரளாவுக்குப் போனால் லைசென்ஸ் பெற்ற கள்ளுக்கடை உண்டு. இங்கே பதனி மட்டும்தான்.

யோசித்துப் பாருங்கள். அதே மரம், அதே பாளை, அதே கலயம், அதே ஆள். சுண்ணாம்பு இருந்தால் வியாபாரி. இல்லாவிட்டால் குற்றவாளி! உயிரைப் பணயம் வைத்து மரம் ஏறுகிறவனின் பிழைப்பு, கலயத்தில் பூசும் அந்த வெள்ளைப் பூச்சில் நிற்கிறது.

வாங்குவோர் கவனத்துக்கு

கோடையில் பஸ்ஸைவிட்டு இறங்கி ஓலைப் பட்டையில் வாங்கிக் குடிப்பவர்கள் மூன்று விஷயம் பார்க்கலாம். நுரை பொங்குகிறதா? புளித்த வாடை அடிக்கிறதா? நாக்கில் சுருக்கென்று குத்துகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடியில் லேசாக வெள்ளை வண்டல் இருந்தால் மிரள வேண்டாம், அது சுண்ணாம்பு. வண்டலை விட்டு மேலாகக் குடித்தால் போதும்.

பதனி வாங்க ஏற்ற நேரம் காலை. மதிய வெயிலில் பானை சூடேறி நிற்கும் பதனியைத் தவிர்ப்பது நல்லது. 'எப்பண்ணே இறக்கினது?' என்று கேளுங்கள். நல்ல சரக்கு வைத்திருப்பவர் கோபப்பட மாட்டார். ருசி பிடித்திருந்தால் இன்னொரு பட்டை வாங்குங்கள். மாங்காய்த் துண்டு போட்டுத் தந்தால் அதன் ருசியே தனி!