வாக்குறுதியா, கற்பனையா? ஒரு விகுதி சொல்லிவிடும்

“பணம் இருந்தால் வீடு வாங்குவேன்” என்று ஒருவர் சொல்கிறார். அவர் உண்மையிலேயே வாங்கப் போகிறாரா, வெறும் ஆசையைச் சொல்கிறாரா? தமிழில் ‘வாங்குவேன்’ என்ற சொல் இரண்டுக்கும் பொருந்தும். சூழலை வைத்து நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்பானிய மொழி இவ்விரண்டையும் வினைச்சொல்லிலேயே பிரித்துக் காட்டுகிறது. ‘கொம்ப்ரரே’ என்றால் வாங்குவேன் என்ற உறுதி. ‘கொம்ப்ரரீயா’ என்றால், நிலைமை வேறாக இருந்தால் வாங்குவேன் என்று பொருள். விகுதி தவறினால் கற்பனை வாக்குறுதியாகிவிடும். பின்னது நிபந்தனை வினை எனப்படும்.

எப்படி அமைப்பது?

ஸ்பானிய வினையின் மூல வடிவம் ஆர், எர், இர் ஆகிய மூன்றில் ஒன்றில் முடியும். நிகழ்காலத்தில் அந்த ஈற்றை நீக்கிவிட்டு விகுதி சேர்க்க வேண்டும். நிபந்தனை வினையில் எதையும் நீக்க வேண்டாம். முழுச் சொல்லோடு விகுதியை ஒட்டினால் போதும். மூன்று வகைக்கும் விகுதிகள் ஒன்றே.

‘அப்லார்’ (பேசுதல்) என்ற வினையைப் பாருங்கள்:

நான் – அப்லரீயா
நீ – அப்லரீயாஸ்
அவன், அவள், தாங்கள் – அப்லரீயா
நாங்கள் – அப்லரீயாமோஸ்
நீங்கள் (ஸ்பெயினில் நண்பர்களிடம்) – அப்லரீயாய்ஸ்
அவர்கள் – அப்லரீயான்

‘நான்’, ‘அவன்’ இரண்டுக்கும் வடிவம் ஒன்றே என்பதால், குழப்பம் வரும் இடத்தில் எழுவாயைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஏன் மூலச்சொல் குறையவில்லை?

பிற்கால லத்தீனில் மூல வினையை அடுத்து, ‘கொண்டிருத்தல்’ என்ற வினையின் இறந்தகால வடிவத்தைத் தனிச்சொல்லாக வைத்தார்கள். நாளடைவில் அது தேய்ந்து முன்சொல்லோடு ஒட்டிக்கொண்டது. இன்றைய ‘ஈயா’ அதன் எச்சமே.

எங்கே பயன்படும்?

முதலாவது, நிறைவேறாத நிபந்தனைக்கு: “சி துபியெரா தினேரோ, கொம்ப்ரரீயா உனா காசா.” பணம் இருந்தால் வீடு வாங்குவேன், ஆனால் இப்போது இல்லை. இங்கே கவனம் தேவை. ‘இருந்தால்’ என்ற பகுதியில் ‘ஈயா’ வராது. விளைவைச் சொல்லும் வினையில் மட்டுமே வரும்.

இரண்டாவது, பணிவுக்கு: “மே குஸ்தரீயா உன் கஃபே” என்றால், ஒரு காப்பி கிடைத்தால் நன்றாக இருக்கும். ‘வேண்டும்’ என்பதைவிட இது மென்மையானது.

மூன்றாவது, பிறர் சொன்னதைச் சொல்ல: வாங்குவதாக அவர் கூறினார் என்பது “திஹோ கே கொம்ப்ரரீயா.”

நான்காவது, கடந்ததை ஊகிக்க: “செரீயான் லாஸ் தியேஸ்” என்றால் மணி பத்து இருந்திருக்கும்.

சில வினைகளில் அடிச்சொல் சற்று மாறும். விகுதிகள் அப்போதும் மாறா.

இப்போது நீங்களே முயலுங்கள். ‘பிபிர்’ என்றால் வாழ்தல். ‘நாங்கள் வாழ்வோம்’ என்ற கற்பனையை எப்படிச் சொல்வீர்கள்? ‘பிபிரீயாமோஸ்’ என்றால் சரி.