மோட்டாருக்கு எந்த ஒயர்? எந்த எம்.சி.பி.?



நம்ம ஊர்ப் பக்கம் வீட்டுக்குப் பின்னாலேயே தச்சுப்பட்டறை வைத்திருப்பார்கள். மரம் அறுக்கும் மெஷினைப் போட்டதும் 'டப்' என்று எம்.சி.பி. விழுந்தால் உடனே என்ன சொல்வார்கள்? "பெரிசா ஒண்ணு வாங்கி மாட்டிடுங்கண்ணே!" பியூஸ் கட்டை உள்ள வீடென்றால் நாலு இழைக் கம்பியை முறுக்கிப் போடுவார்கள். இது சரியா? பார்ப்போம்.

முதலில் மோட்டார். 1 எச்.பி. என்பது 746 வாட். அதை 230 வோல்ட்டால் வகுத்தால் 3 ஆம்பியருக்குச் சற்று மேல் வரும். ஆனால் சிங்கிள் பேஸ் மோட்டாரின் தகட்டில் சுமார் 6 ஆம்பியர் என்று இருக்கும். ஏனென்றால் 746 வாட் என்பது மோட்டார் வெளியே தரும் வேலை மட்டும்தான். உள்ளே சூடாக வீணாவது தனி. பவர் ஃபேக்டர் குறைவதாலும் ஆம்பியர் கூடும். எனவே தகட்டில் உள்ளதையே கணக்கில் எடுக்க வேண்டும்.

நின்ற மோட்டார் கிளம்பும்போது 5, 6 மடங்கு கரண்ட் இழுக்கும். அதாவது ஒரு நொடி, இரண்டு நொடிக்கு 36 ஆம்பியர் வரை! எம்.சி.பி.யில் பி, சி, டி என்று வகைகள் உண்டு. 6 ஆம்பியர் பி வகை, 18 முதல் 30 ஆம்பியருக்குள்ளேயே சட்டென்று விழுந்துவிடும். 10 ஆம்பியர் சி வகை, 50 ஆம்பியரைத் தாண்டினால்தான் அப்படி விழும். அதனால் மோட்டாருக்கு சி வகை நல்லது.

அப்படியானால் 32 ஆம்பியரே போட்டால் என்ன? இங்கேதான் ஆபத்து! எம்.சி.பி. முக்கியமாகக் காப்பது மோட்டாரை அல்ல, ஒயரை. 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் சுமார் 15 ஆம்பியர்தான் தாங்கும். அதில் 30 ஆம்பியர் ஓடினாலும் 32 ஆம்பியர் எம்.சி.பி. சும்மா இருக்கும். கரண்ட் 2 மடங்கானால் சூடு 4 மடங்காகும். ஒயரின் மேலுறை உருகும். பட்டறையில் கீழே கிடப்பதோ மரத்தூள். அப்புறம் சொல்லவா வேண்டும்?

தூரத்தையும் பார்க்க வேண்டும். மெயின் பெட்டியிலிருந்து பட்டறை 20 மீட்டர் என்றால், போக வர 40 மீட்டர் ஒயர். மோட்டார் கிளம்பும்போது 1.5 ஒயரில் சுமார் 17 வோல்ட் குறையும். 2.5 ஒயரில் சுமார் 10 வோல்ட்தான். எனவே 2.5 போட்டால் மோட்டார் திணறாமல் கிளம்பும்.

இன்னொன்று. மோட்டார் சூடாகிக் கருகாமல் இருக்க ஓவர்லோடு ரிலே உள்ள ஸ்டார்ட்டர் வேண்டும். ஆளைக் கொல்ல 10 ஆம்பியர் வேண்டியதில்லை, அதில் நூறில் ஒரு பங்கே போதும். அதை எம்.சி.பி. கண்டுகொள்ளாது. அதற்கு எர்த் கம்பியும், 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் அவசியம்.

நினைவில் வையுங்கள்: மோட்டாருக்கு ஏற்ற ஒயர், ஒயருக்கு ஏற்ற எம்.சி.பி.! எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால் பெரிசாக மாற்றாதீர்கள். ஏன் விழுகிறது என்று எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வீட்டிலும் சொல்லுங்கள்.

– 9-ஆம் வகுப்பு மாணவி