அத்தை மகனும் ஐந்நூறு மதிப்பெண்ணும்

சென்ற ஆண்டு சிவில் சர்வீஸ் மெயின் தேர்வில் தவறிய என் மகள், வரலாற்றை விட்டுவிட்டு மானிடவியலை விருப்பப் பாடமாக எடுக்கப் போகிறேன் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எலும்புக்கூட்டைப் படித்தா கலெக்டராகப் போகிறாய்?" என்றேன். "இரண்டு தாளுக்கும் சேர்த்து 500 மதிப்பெண் அப்பா. பாடத்திட்டமும் சின்னது" என்றாள்.

டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். ஒருநாள் இரவு நோட்டும் கையுமாக வந்தாள். "கிராஸ் கசின், பேரலல் கசின் இரண்டும் குழம்புகிறது." குழம்பாமல் என்ன செய்யும்? பள்ளித் தோழிகளைப் பார்த்து மாமா பிள்ளைக்கும் ராக்கி கட்டியவள். என் அக்காவை 'புவா' என்று கூப்பிடுகிறவள்.

ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்குச் சமக்குறி என்று அவள் சொல்லித்தர, கும்பகோணத்து எங்கள் குடும்பத்தை வரைந்தேன். பெரியப்பா, சித்தி பிள்ளைகள் அண்ணன் தங்கை. மாமா, அத்தை பிள்ளைகள் கட்டிக்கொள்ளும் முறை. அதனால்தான் மாமனாரும் மாமா, மாமியாரும் அத்தை. "பத்துப் பக்கத்தை இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டீர்களே!" என்று துள்ளினாள். அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மார்கன் 1871-லேயே தமிழரின் உறவுப் பெயர்களைத் தம் நாட்டுச் செனகா பழங்குடியினரின் பெயர்களோடு ஒப்பிட்டு எழுதினார் என்பதை நான் அவளிடம் கற்றேன்.

அந்தப் பொங்கலன்று அக்காவின் போன். வருஷா வருஷம் கேட்பதுதான்: "என் பிள்ளைக்கு எப்போ பெண் கொடுக்கப் போறே?" நான் மென்று விழுங்க, மகள் போனை வாங்கி, முதல் முறையாக "அத்தை" என்றாள்.

"முறைப்படி உங்களுக்கு உரிமை உண்டு அத்தை. ஆனால் அதே பாடத்தில் மரபியலும் இருக்கிறது. அத்தை மகனைக் கட்டினால், ஒரு ஜீனின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து குழந்தைக்கு வரும் வாய்ப்பு 16-ல் 1. தாய்மாமனைக் கட்டினால் 8-ல் 1. மறைந்திருக்கும் பரம்பரை நோய் தலைகாட்ட அது வழி."

மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. எங்கள் அம்மா சொந்தத் தாய்மாமனைக் கட்டியவள். எங்களுக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. காரணம் அதுதானா, யார் சொல்ல முடியும்?

"இதை அம்மாகிட்ட யாரும் சொல்லலையே கண்ணு" என்றாள் அக்கா.

கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன். இல்லை. இப்போது வாரந்தோறும் போன் செய்து, "என் மருமகள் படிக்கிறாளா?" என்று கேட்கிறாள். தம்பி மகளும் மருமகள்தானே! அதற்குச் சமக்குறி தேவையில்லை.