நெல்லை வானில் ஓடும் மின்தாரை

திருநெல்வேலியில் வெயில் ஏற ஏற, அங்குள்ள காந்தமானி காட்டும் அளவும் ஏறுகிறது. பூமியின் காந்தப்புலம் நண்பகலை ஒட்டி உச்சம் தொட்டு, மாலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிடும். சில நாட்களில் இந்த ஏற்றம் நூறு நானோடெஸ்லா வரை போகும். அதே வேளையில் மும்பைக்குத் தெற்கே உள்ள அலிபாகில் ஏற்றம் மிகக் குறைவு.

காரணம் தரையில் இல்லை. தலைக்கு மேலே ஏறத்தாழ 105 கி.மீ. உயரத்தில், பகல் நேரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு மின்னோட்டம் பாய்கிறது. பெரு நாட்டின் உவான்காயோ ஆய்வகத்தில் 1922 முதல் எடுத்த பதிவுகளில்தான் இதன் தடயம் முதலில் தெரிந்தது. 1951இல் சிட்னி சாப்மன் இதற்கு நிலநடுக்கோட்டு மின்தாரை என்று பெயர் வைத்தார்.

இந்த ஓட்டத்தின் இயற்பியல் சுவையானது. காந்தப்புலத்துக்குள் நுழையும் மின்னூட்டத் துகள் சுற்றிச் சுழலும். அதற்குச் செங்குத்தாக ஒரு மின்புலத்தையும் சேர்த்தால், துகள் சுழன்றபடியே இரண்டுக்கும் குறுக்கான மூன்றாவது திசையில் நகரத் தொடங்கும். வேகம் எவ்வளவு? மின்புலத்தைக் காந்தப்புலத்தால் வகுத்தால் போதும். கேம்பிரிட்ஜில் 1897இல் ஜே. ஜே. தாம்சன் இந்த வகுத்தலை வைத்துத்தான் கேத்தோடு கதிரின் வேகத்தைக் கணக்கிட்டார்.

அந்தக் கணக்கில் துகளின் நிறை வரவில்லை, மின்னூட்டமும் வரவில்லை. எலெக்ட்ரானைவிட 1,836 மடங்கு கனமான புரோட்டானும் அதே வேகத்தில், அதே பக்கம்தான் நகரும். நேர், எதிர் இரண்டும் சேர்ந்தே நகர்ந்தால் மின்னோட்டம் எப்படி உண்டாகும்? உண்டாகாது!

நெல்லைக்கு மேலே உண்டாவதற்குக் காரணம், காற்று. 105 கி.மீ. உயரத்தில் மிச்சமிருக்கும் காற்றணுக்கள் கனமான அயனிகளைச் சந்தைக் கூட்டத்தில் சிக்கிய மாட்டுவண்டிபோல நகரவிடாமல் முட்டிக்கொண்டே இருக்கின்றன. இலேசான எலெக்ட்ரான்கள் தப்பித்துவிடுகின்றன. பகலில் மின்புலம் கிழக்கு நோக்கி; காந்தப்புலம் வடக்கு நோக்கிக் கிடையாக. எனவே எலெக்ட்ரான்கள் மேலே ஏறுகின்றன. மேலே எதிர் மின்னூட்டம், கீழே நேர் மின்னூட்டம் என்று பிரிய, செங்குத்தாக இன்னொரு மின்புலம் பிறக்கிறது. இது முதலாவதைவிடப் பல மடங்கு வலியது. இதுவும் காந்தப்புலமும் குறுக்கிட, எலெக்ட்ரான்கள் மேற்கே விரைகின்றன. எலெக்ட்ரான் மேற்கே போனால் மின்னோட்டம் கிழக்கே.

காந்தக் கோடுகள் சாயாமல் கிடையாக இருந்தால்தான் இந்த அடுக்கு வேலை நடக்கும். அத்தகைய இடம் காந்த நிலநடுக்கோட்டை ஒட்டிய ஒரு குறுகிய பட்டைதான். ராக்கெட் ஏவ விக்ரம் சாராபாய் கேரளக் கரையிலுள்ள தும்பாவைத் தேர்ந்ததும் இதற்காகத்தான். 1963 நவம்பர் 21 அன்று அந்த மீனவ ஊரிலிருந்து நைக்கி அப்பாச்சி ராக்கெட் கிளம்பியது. பின்னர் காந்தமானி ஏந்திய ராக்கெட்டுகள் மின்தாரையை ஊடுருவியே அளந்தன. திருநெல்வேலி அளவிலிருந்து அலிபாக் அளவைக் கழித்து மின்தாரையின் வலிமையைச் சொல்வது இன்றும் ஆய்வாளர் வழக்கம்.

இன்னும் 200 கி.மீ. மேலே போனால் கதை மாறுகிறது. அங்கே மோதல் அரிது. அயனியும் எலெக்ட்ரானும் சேர்ந்தே ஏறுகின்றன. மீட்டருக்கு ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவான மின்புலம், விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகம். இப்படி ஏறிய அயனி-எலெக்ட்ரான் கலவையான பிளாஸ்மா காந்தக் கோடுகள் வழியே இரு பக்கமும் வழிந்து, காந்த நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 15 பாகை தள்ளிக் குவிகிறது. வடக்குக் குவியலின் அடியில்தான் அகமதாபாத், போபால், கொல்கத்தா போன்ற நகரங்கள் இருக்கின்றன.

இது வெறும் ஏட்டுச் செய்தியல்ல. ஜிபிஎஸ் சமிக்ஞை இந்தக் குவியலைக் கடக்கும்போது தாமதமாகிறது. சூரியன் துடிப்பாக உள்ள ஆண்டுகளில் இடம் காட்டுவதில் பத்து மீட்டருக்கும் மேல் பிழை வரலாம். பொழுது சாய்ந்ததும் பிளாஸ்மாவில் எழும் குமிழிகள் சமிக்ஞையையே சிதறடிப்பதும் உண்டு. விமானங்களுக்கு வழிகாட்டும் ககன் அமைப்பை உருவாக்கியபோது, மற்ற நாடுகளின் வானத்துக்கு எழுதிய திருத்தக் கணக்கு இங்கே சரிவரவில்லை. இந்திய வானத்துக்கென்றே இஸ்ரோ தனிக் கணக்குமுறை எழுத வேண்டியதாயிற்று.